மில்லுக்கு மேலே ஒரு மாட்டுக்கொட்டில்

போன டிசம்பரில் சிங்கப்பூரில் எங்கள் கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். கழித்துப்போட்ட பொருள்களை வைத்து அலங்காரம் செய்யக் கற்றுக்கொடுக்க ஓர் இளம்பெண்ணை வரவழைத்திருந்தார்கள். பதினான்கு மேசை, மேசைக்கு ஆறு நாற்காலி. எண்பத்து நான்கு பேர் உட்காரலாம், உட்கார்ந்தவர்கள் முப்பத்தொருவர். மற்றவர்கள் பிரியாணிச் சட்டி வரும் வழியில் நின்றுகொண்டார்கள். அந்தப் பெண் ஒரு காலி டின்னைத் தூக்கிக் காட்டி, "அங்கிள், இதைத் தூக்கிப் போடாம வேற என்ன செய்யலாம், சொல்லுங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என்ன செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். காலிப் பால் டின்னைச் சேர்க்கப் போய்த்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இதை எண்பத்து நான்கு நாற்காலிக்கு முன்னால் சொல்ல முடியாது. அதனால் "பேனா வைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவளும் கைதட்டினாள்.

அப்போது நான் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீடு ஒன்றின் மாடியில் குடியிருந்தேன். அரசாங்கப் பண்டகசாலையில் குமாஸ்தா வேலை. ஆணி, தாழ்ப்பாள், வர்ண டப்பா எல்லாவற்றையும் எண்ணி எடுத்து எண்ணி வைப்பது என் பிழைப்பு. மாடியை மரப்பலகை வைத்து ஏழு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். கீழே மாவு மில். அரிசி, கோதுமை, மஞ்சள், மல்லி, எல்லாவற்றிற்கும் மேலாக மிளகாய். மில் ஓடும்போது மாடியில் குடிதண்ணீர்க் குவளை தானாக மேசையின் ஓரத்துக்கு நடந்து வரும். மிளகாய் அரைக்கும் நாளில் ஏழு அறைக்காரர்களும் ஒரே சமயத்தில் தும்முவோம். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினாலும் பாதிதான் கேட்கும். மீதிப் பாதியை அவரவர் இஷ்டப்படி நிரப்பிக்கொள்வோம்.

மில்காரரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் மாடி முழுக்கக் கூப்பிடும். அண்ணன் பேசவே மாட்டார். அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். அந்த வீட்டில் கத்தோலிக்கன் நான் ஒருவன்தான். பின்னறையில் ஒரு தச்சர் இருந்தார். அவரும் என்னைப் போலத் தனி ஆள். ரம்பம் கேட்டால் ரம்பம் கொடுப்பார், சுத்தியல் கேட்டால் சுத்தியல் கொடுப்பார், ஏன் என்று கேட்க மாட்டார்.

எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் எங்கள் கோவில் உபதேசியாரின் ஒரே மகள். உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்தபடி. ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், துக்க வீட்டில் செபம் சொல்பவர், யார் பூசைக்குப் பிந்தி வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பவர். பெண்ணை நான் சரியாகப் பார்த்தது கிடையாது. கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். முக்காட்டின் பின்புறம் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. அந்த மூலையைப் பார்த்தே எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

உபதேசியார் 'சரி'யும் சொல்லவில்லை, 'இல்லை'யும் சொல்லவில்லை. "கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடா வருவோமில்ல, உம்ம இடத்துக்கும் வர்றேன். இருக்கிற இடத்தையும் பார்த்துடறேன். அங்கேயே ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றார். பாட்டுக் குழுவில் பெண்ணும் வருவாள், பெண்ணின் தாயாரும் வருவார். ஆக, மூன்று பேரும் ஒரே சமயத்தில் பார்க்கப்போவது என் அறையை. ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, மூன்று ஆணி, மூன்று ஆணியிலும் சட்டை. இதைப் பார்த்துவிட்டு யார் பெண் கொடுப்பார்கள்?

அதனால்தான் சேசு பாலன் பிறந்த இடத்தை என் கையாலேயே செய்து, அறையில் பாதியை அடைத்து வைப்பது என்று தீர்மானித்தேன். பக்தியும் தெரியும், சட்டைகளும் மறையும்.

இதை எல்லாரும் குடில் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் ஒத்துவரவில்லை. குடில் என்றால் முனிவர் தங்குகிற இடம். நம் ஆண்டவர் பிறந்தது மாடு கட்டுகிற இடத்தில். அதற்குத் தமிழில் கொட்டில் என்று பெயர். பள்ளியில் தமிழில் முதலாவதாகத் தேறியவன் நான்; தெரிந்துகொண்டே தப்பான சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது. எனவே கேட்டவர்களுக்கெல்லாம் கொட்டில் செய்கிறேன் என்றே சொன்னேன்.

நவம்பரிலேயே பொருள் சேர்க்க ஆரம்பித்தேன். சந்து முனையில் இருந்த சீனர் காப்பிக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பால் டின் காலியாகும். கடை முதலாளியான தவுக்கேயிடம் சொல்லி வைத்தேன். அவர் கழுவி, கயிற்றில் கோத்துக் கொடுப்பார். நான் இரு தோளிலும் மாலை மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு சந்து முழுக்கக் கலகலவென்று நடந்து வருவேன். எல்லாம் சேர்ந்து தொண்ணூற்றாறு டின். டின்னைப் பிளந்து தகடாக்கி நட்சத்திரம் வெட்டினேன். அடிப்பாகத்தில் ஆணியால் துளை போட்டு விளக்குக் கூண்டு செய்தேன். நான்கு டின்னில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைத்தேன், புல்வெளிக்காக. சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கசக்கி, கஞ்சியில் தோய்த்து, அடுப்புக் கரியைப் பூசிக் குகை செய்தேன். பீங்கான் கடையில் தட்டு சுற்றி வரும் வைக்கோல். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத் தாள். சோடா மூடிகளை நூலில் கோத்தால் மணி. ஆடுகளுக்குப் பாட்டில் தக்கையில் பஞ்சு சுற்றினேன். பதினேழு ஆடு. பதினெட்டு செய்தேன், ஒன்று நாய் மாதிரி வந்துவிட்டது, அதை நாயாகவே வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தச்சர் கொடுத்த தேயிலைப் பெட்டிப் பலகையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, மில் வாசலில் நின்ற அக்கா கத்தினார்.

"என்ன தம்பி, தினமும் எதையாவது தூக்கிட்டுப் போறீங்க?"

"கொட்டில் செய்யறேன் அக்கா!"

"என்னது?"

"கொட்டில்! கொட்டில்!"

உள்ளே மில் கடகடவென்று மல்லி அரைத்துக்கொண்டிருந்தது. அக்கா என் பலகையைப் பார்த்தார். தோளில் தொங்கிய பால் டின்களைப் பார்த்தார்.

"யாருக்குத் தம்பி?"

"குழந்தைக்குத்தான்!"

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். என் பக்தியைக் கண்டு வியக்கிறார் என்று நினைத்தேன். பலகையின் முனை சுவரில் இடித்துக்கொண்டிருந்ததால் நான் நின்று பேசவில்லை.

கொட்டிலில் 'கொ'வை எடுத்துவிட்டு 'தொ'வைப் போட்டால் என்ன வரும் என்று தமிழில் முதலாவதாகத் தேறிய எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் காலத்தில் தாய்ப்பால் போதாத பிள்ளைகளுக்கு டின் பாலைத்தான் கரைத்துக் கொடுப்பார்கள் என்பதும் நினைவுக்கு வரவில்லை. போதாததற்கு, மறுநாளே மில்லுக்கு எதிரே அஞ்சடி நடைபாதையில் தையல் மெஷின் போட்டிருந்தவரிடம் போய், "அண்ணே, மெல்லிசா, பச்சைப் பிள்ளையைச் சுத்தறமாதிரி ஒரு வெட்டுத்துணி கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, வெட்டுத்துணி அல்ல, முழுத்துணியே கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, மில் ஓயும் சாப்பாட்டு நேரத்தில், அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம். என் கொட்டிலை நான் கட்டில் விரிப்பால் மூடி வைத்திருந்தேன். உபதேசியார் வரும் நாளில்தான் திறப்பது என்று வைராக்கியம்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"தம்பி, நான் உங்க கூடப்பொறந்தவ மாதிரி. நேராவே கேக்கறேன். குழந்தை எப்ப?"

"இருபத்து நாலாம் தேதி, ராத்திரி பன்னெண்டுக்கு."

"அவ்வளவு கரெக்டாவா? டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கு அக்கா? வருஷா வருஷம் அதே நேரம்தானே."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "வருஷா வருஷமா!"

"ஆமாக்கா. எங்க அப்பா காலத்திலேருந்தே அப்படித்தான்."

கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அந்தப் பிள்ளையோட அம்மா?" என்றார்.

"அவங்க பக்கத்திலேயே முட்டி போட்டிருப்பாங்க."

"பெத்தவளை முட்டி போட வைக்கிறீங்களா! சரி, அப்பா யாருன்னு…"

"வளர்ப்பு அப்பாதான் அக்கா. தச்சு வேலை. கையில கோல் வச்சிக்கிட்டு ஓரமா நிப்பாரு."

அக்காவின் பார்வை பின்னறைப் பக்கம் போய் வந்தது. "உங்களுக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லியா தம்பி?"

"வருத்தமா? சந்தோஷம்தான். நமக்காகத்தானே பொறக்குது!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கிண்ணத்தில் கருப்பாக ஏதோ லேகியம், நல்லெண்ணெய் மிதக்க. என் தும்மலுக்குத் தந்திருக்கிறார் என்று நினைத்து மூன்றே நாளில் தின்று தீர்த்தேன். பிரசவித்த பெண்களுக்குக் கிளறும் மருந்து அது என்று பின்னால் தெரிந்தது. தும்மல் நிற்கவில்லை, பசி மட்டும் நன்றாக எடுத்தது.

இருபத்து நாலு என்றதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அக்காவுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் இருபத்தைந்து. அன்று லீவு, கேக், வெள்ளைக்காரர் கடைகளில் பஞ்சு ஒட்டிய மரம். அதில் ஒரு பிள்ளை பிறந்த சங்கதி உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதெல்லாம் உலகத்துக்கே தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாடியே மாறிப்போனது. ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒருவர் வந்தார். ஒருவர் கிலுகிலுப்பை கொண்டுவந்தார். ஒருவர் தன் பிள்ளைகள் போட்டுப் பழசான சட்டை மூன்றைத் துவைத்து மடித்துத் தந்தார். வசம்பு வந்தது. வயிற்றுவலி மருந்து பாதிப் பாட்டில் வந்தது. தவுக்கே ஒரு முழு டின் பாலைத் திறக்காமலே கொடுத்து, மலாயில் 'ஆணா பெண்ணா' என்று கேட்டார். ஆண் என்றேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கடைசியில் மில்காரர் அண்ணனே சாரோங் என்கிற பழைய கைலி ஒன்றையும் பெரிய ஸ்பிரிங்கையும் தூக்கிக்கொண்டு வந்து, உத்தரத்தில் கொக்கி அடித்து, ஸ்பிரிங்கை மாட்டி, சாரோங்கைத் தொங்கவிட்டு, ஓர் அரிசி மூட்டையை அதில் உட்காரவைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். இங்கே நிறைய வீடுகளில் பிள்ளையைத் தூங்க வைப்பது அதில்தான். பாலனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது! வேற்று மதத்தார் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்களே! வந்த பொருள்களை எண்ணினேன், பதினொன்று. மூன்று ராஜாக்கள் கொண்டுவந்ததைவிட எட்டு அதிகம். எல்லாவற்றையும் விரிப்புக்குள்ளே, கொட்டிலின் முன்னால் அழகாக வரிசைப்படுத்தினேன்.

தச்சர் மட்டும் ஒருநாள் என்னிடம் வந்து, "சார், இங்க யாராச்சும் என்னப் பத்தி ஏதும் சொன்னாங்களா? அக்கா என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க" என்றார். மிளகாய்த் தூசி கண்ணில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

விபரீதம் அதிரச மாவு ரூபத்தில் வந்தது. இதை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். உபதேசியாரின் மனைவியும் மகளும் ஊறவைத்த அரிசியோடு எங்கள் மில்லுக்கு வந்திருக்கிறார்கள். வேறு மில் இல்லாமல் அல்ல. அரிசியை அரைக்கும் சாக்கில் என்னைப் பற்றி விசாரிக்கத்தான். மில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேல ஒரு கிளார்க் தம்பி இருக்காராமே, ஆளு எப்படிங்க?" என்று உபதேசியார் மனைவி கத்தியிருக்கிறார்.

"தங்கம்!" என்று அக்கா கத்தியிருக்கிறார். "தங்கமான தம்பி! நடந்தது நடந்துபோச்சு, அதை விடுங்க. மத்த பசங்களா இருந்தா எப்பவோ கப்பல் ஏறியிருப்பானுங்க. இந்தத் தம்பி ஓடல லா! தன் கையாலேயே தொட்டில் செய்யறாரு! பால் டின்னு என்ன, துணி என்ன… இந்த மாசம் இருபத்து நாலாந்தேதி பிள்ளை பொறக்குது!"

தாயும் மகளும் அரைத்த மாவை வாங்காமலே போய்விட்டார்கள். "பாவம், அவசர வேலை போலிருக்குன்னு நெனச்சு மாவை எடுத்து வச்சேன் தம்பி" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறு கோவிலில் உபதேசியாருக்குத் தோத்திரம் சொன்னேன். வழக்கமாகத் திருப்பிச் சொல்வார். அன்று என் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இடப்பக்கத்தில் முக்காடு தென்பட்டது. மூலையில் விட்டிருந்த தையலைப் போட்டுவிட்டார்கள். கெட்ட சகுனமாகப் பட்டது. நான் செய்திருக்கக்கூடிய தப்புகளை எண்ணிப் பார்த்தேன். பிரசங்கத்தில் மூன்று தரம் தும்மினேன். ஒரு தரம் முழந்தாளிட மறந்தேன். வேறொன்றும் அகப்படவில்லை. கொட்டில் போதாது, இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று முடிவுசெய்து, தவுக்கேயிடம் மேலும் இருபது டின் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகக் கலகலவென்று வந்தேன்.

பாட்டு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் மில்லுக்கு ஓய்வே இல்லை; அண்ணன் கீழே மிளகாய் போட்டிருந்தார். அறையைப் பெருக்கித் துடைத்து, இரவல் நாற்காலி எட்டைப் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். யாரையும் நான் அழைக்கவில்லை. ஆனால், பெண் வீட்டார் வருகிறார்கள் என்று அக்காவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "தம்பி ஒத்தையா நிக்கக் கூடாது" என்று ஏழு அறைக்காரரையும் திரட்டி என் அறைக்குள் நிறுத்திவிட்டார். தாம்பாளத்தில் கேசரி. தவுக்கே தட்டு நிறையக் காப்பிக் குவளைகளோடு வந்தார். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய கம்பி மத்தாப்பு ஒரு கட்டு. தையல்காரர் வந்தார். தச்சரை அக்கா கூப்பிடவில்லை; அவர் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

பாட்டுக் குழு பதின்மூன்று பேர். ஆர்மோனியத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் பின் ஒருவராகப் படியேறினார்கள். முன்னால் உபதேசியார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவருக்குப் பின்னால் முதன்முறையாக முன்புறத்தோடு பெண். பார்ப்பதற்குள் உபதேசியார் நடுவில் வந்து நின்றார்.

"பாட்டு அப்புறம்" என்றார், மில் சத்தத்துக்கு மேலாக. "எங்க அது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவருக்கும் சங்கதி எட்டி, பார்க்கத் துடிக்கிறார்! விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அழகாகத்தான் இருந்தது. என் வாயால் சொல்லக்கூடாது, சொல்கிறேன். டின் கூண்டுகளுக்குள் மெழுகுவத்தி எரிந்து, துளைகள் வழியாகச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். மில் அதிர்வில் சோடா மூடி மணிகள் தாமாகவே ஒலித்தன. பதினேழு ஆடுகளும் நாயும் கேழ்வரகுப் புல்லில் நின்று நடுங்கின. ஆனால் உபதேசியார் அதையெல்லாம் பார்க்கவில்லை. முன்வரிசையில் மடித்து வைத்த மூன்று பிள்ளைச் சட்டை, கிலுகிலுப்பை, வசம்பு, பால் டின் ஆகியவற்றைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, ஸ்பிரிங்கில் மேலும் கீழுமாகத் தானே ஆடிக்கொண்டிருந்த சாரோங்கைப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"கொட்டில், ஐயா!"

"என்ன?"

"கொட்டில்! நானே செஞ்சேன்!"

"தொட்டிலுன்னு வாயாலயே சொல்றானே, பாத்தியா!" என்று அவர் மனைவி தலையில் கை வைத்தார். பாட்டுக் குழு முணுமுணுத்தது. ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்கா முன்னால் பாய்ந்தார். "ஐயா, தப்பு இந்தத் தம்பி மேல இல்ல! எல்லாம் அந்தத் தச்சன்!"

வாசலில் தச்சர், "நானா? நான் ரம்பந்தானே குடுத்தேன்!" என்றார்.

உபதேசியாரின் முகம் மிளகாய்க்குச் சிவந்ததா கோபத்துக்குச் சிவந்ததா தெரியவில்லை. "முதல்ல அந்த மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று ஞானோபதேச வகுப்புக் குரலில் கத்தினார். யாரோ ஓடினார்கள். மில் நின்றது. மணிகள் நின்றன, ஆடுகள் நின்றன, சாரோங்கும் மெல்ல நின்றது.

"இப்பச் சொல்லும். இது என்ன?"

"கொட்டில்" என்றேன். அமைதியில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மாட்டுக் கொட்டில். சேசு பாலன் பிறந்த இடம். எல்லாரும் குடிலும்பாங்க. ஆனா குடில்னா ஐயா, அது முனிவர்…"

"கொட்டிலா?" என்றார் அக்கா. "மாடு கட்டற கொட்டிலா?"

"ஆமா அக்கா. அன்னைக்கே படியில சொன்னேனே."

"அப்ப இருபத்து நாலாந்தேதி பிள்ளை?"

"பாலன்."

"முட்டி போடற அம்மா?"

"மாதா." மண்ணில் செய்து சுண்ணாம்பு பூசியிருந்த மாதாவைக் காட்டினேன். முழந்தாளிட்டிருந்தார்.

"அப்ப அந்தத் தச்சன்?"

"சூசையப்பர்."

கோலோடு ஓரமாக நின்ற சூசையப்பரை அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வாசலில் நின்ற தச்சரைப் பார்த்தார். "ஐயய்யோ" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு நேரே போய்த் தச்சரின் கையில் கொடுத்தார். தச்சர் ஒன்றும் விளங்காமல் அதைத் தின்ன ஆரம்பித்தார்.

முதலில் சிரித்தது பெண். வாயை மூடிக்கொண்டு சிரித்தாலும் தோள் குலுங்கியது. பிறகு ஏழு அறையும் சிரித்தது. தவுக்கேக்கு ஒருவர் மலாயில் விளக்கினார். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தார்.

சிரிக்காதவர் உபதேசியார் ஒருவரே. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உம்ம பேர்ல தப்பில்லை. விளங்குது. ஆனா ஊர்ல பரவிப்போச்சே. மாதா சபைல பதினெட்டு பொம்பளைங்க, ஒருத்தி பாக்கி இல்லாம பேசறாங்க." அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பரவியது எங்கிருந்து என்று அதிலேயே தெரிந்தது. "நாளைக்கு நான் பொண்ணைக் கொடுத்தா, உபதேசியாரே இப்படிப்பட்டவனுக்குக் கொடுத்தாருன்னு சொல்லமாட்டாங்களா?"

 நான் இருபது டின் அதிகமாக வாங்கியது வீண் என்று நினைத்தேன்.

அக்காதான் பேசினார். "ஐயா, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கறேன். இப்பக் குடுக்காம போனீங்கன்னா என்ன சொல்லுவாங்க? 'பாத்தியா, நேர்ல போய் பார்த்தாரு, தொட்டில் இருந்திருக்கு, வேணாம்னு வந்துட்டாரு'ன்னு சொல்ல மாட்டாங்க? குடுத்தா ஒரு மாசம் பேசுவாங்க. குடுக்கலன்னா, இந்தத் தம்பிக்கு ஆயுசுக்கும் ஒரு பிள்ளை இருக்கும் லா!"

ஆர்மோனியக்காரர் தலையாட்டினார். தையல்காரரும் தலையாட்டினார். உபதேசியார் கேழ்வரகுப் புல்லின் பக்கம் குனிந்தார். ஓர் ஆட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, தக்கை என்று கண்டுகொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தோணல" என்றார். "வாழப்போறது அது. அதுவே சொல்லட்டும். என்னம்மா சொல்ற?"

எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் முதலில் சூசையப்பரைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கீழே அண்ணன், நிறுத்தச் சொன்ன வேலை முடிந்திருக்கும் என்று எண்ணி, மில்லை ஓட்டிவிட்டார்.

மணிகள் ஒலித்தன. ஆடுகள் நடுங்கின. சாரோங் குதித்தது. அவள் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு சொல்லோ மூன்று சொல்லோ இருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். உபதேசியார் எழுந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று கத்தினேன். அதற்குள் ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. பாட்டுக்கு நடுவே மிளகாய் நெடி மேலே ஏறியது. கடைசி அடியைப் பாடியவர்கள் நான்கு பேர். தும்மியவர்கள் ஒன்பது பேர். மத்தாப்பைக் கொளுத்திவிட்டார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பூசை வைத்துக் கல்யாணம் முடிந்தது. ஆனாலும் அன்று அவள் சொன்னது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வாழ்க்கையை முடிவுசெய்த சொற்கள். கேட்காதவன் நான் ஒருவன். இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "ஒரு தரம் சொன்னது சொன்னதுதான். வேணும்னா அங்க இருந்தவங்களைக் கேளுங்க" என்கிறாள்.

கேட்டேன். "எனக்குச் சம்மதம்" என்று சொன்னதாக அக்கா சத்தியம் செய்தார். "உங்க இஷ்டம்ப்பா" என்று அடக்கமாகச் சொன்னதாக மாமனார். "நாய் நல்லா இருக்கு" என்று சொன்னதாகத் தச்சர். மூன்று சாட்சி, மூன்று வாக்குமூலம். கடைசியாக ஒரு தீபாவளிக்குப் போனபோது மில்காரர் அண்ணனையும் விடாமல் பிடித்துக் கேட்டேன். அவர் என்னோடு பேசிய ஒரே முழு வாக்கியம் அது.

"நான் கீழ மிளகாயில்ல அரைச்சிட்டிருந்தேன், தம்பி."